வெள்ளையாக வரையப்படும் காடு

1897 அக்டோபர் 31. இன்று ஓஸ்லோ என வழங்கும், அன்று கிறிஸ்டியானியா எனப்பட்ட நார்வே நகரை ஒட்டிய காட்டில் எட்டுப் பேர் வரைபடமும் திசைகாட்டியும் கையிலேந்தி ஓடினர். அவர்களுக்கென ஓடுபாதை எதுவும் இல்லை. சென்றடைய வேண்டிய இடங்கள் மட்டுமே குறிக்கப்பட்டிருந்தன. வழியைத் தெரிவுசெய்வது ஓடுபவரின் பொறுப்பு. பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட முதல் ஓரியண்டீரிங் போட்டியாக இதனையே வரலாறு பதிவுசெய்கிறது. தமிழில் இதனைத் ‘திசையறி ஓட்டம்’ எனலாம்.

இச்சொல் படைமுகாமில் பிறந்தது. 1886-இல் சுவீடனின் படைத்துறைக் கல்வியகத்தில், அறியாத நிலப்பரப்பை வரைபடத்தின் துணைகொண்டு கடக்கும் பயிற்சியை அது குறித்தது. கதிரவன் எழும் திசையைச் சுட்டும் இலத்தீன் சொல்லே அதன் வேர். படைவீரனின் திறன் குடிமக்களின் விளையாட்டாக மாறுவதற்கு ஒரு தலைமுறை ஆயிற்று. சுவீடனின் படை அதிகாரியும் சாரணர் இயக்கத் தலைவருமான எர்ன்ஸ்ட் கில்லாந்தர் 1919-இல் ஸ்டாக்ஹோம் அருகே நடத்திய போட்டியில் ஏறத்தாழ 220 பேர் பங்கேற்றனர். 1961-இல் பத்து நாடுகள் இணைந்து பன்னாட்டுக் கூட்டமைப்பைத் தோற்றுவித்தன.

இவ்வளர்ச்சிக்கு அடிப்படையாக அமைந்தது கால்வலிமை மட்டுமன்று. காட்டுக்குள் நுழையும் உரிமையும்கூட. ஓஸ்லோவைச் சூழ்ந்த ‘மார்க்கா’ காட்டின் பெரும்பரப்பு தனியார் உடைமை. ஆயினும் உழப்படாத நிலத்தில் எவரும் நடந்து செல்லலாம் என்பது அங்கு நெடுநாள் வழக்காறு. 1957-இல் இவ்வழக்காறு சட்டமாயிற்று. அதே சட்டம் ஓர் எல்லையையும் வகுத்தது. குறிப்பிடத்தக்க சேதமோ இடையூறோ விளைவிக்கக்கூடிய விளையாட்டு நிகழ்ச்சிகளுக்கு, அவற்றின் தொடக்கமும் முடிவும் அமையும் நிலத்துக்கு உரியவரின் இசைவு வேண்டும். அதற்கு எடுத்துக்காட்டாகச் சட்டம் பெயர் சொல்லிக் காட்டுவனவற்றுள் திசையறி ஓட்டமும் ஒன்று. தனியொருவர் நடப்பது உரிமை; நூற்றுக்கணக்கானோர் திரள்வது வேறு. 2009-இல் நடைமுறைக்கு வந்த மார்க்கா சட்டம், காட்டைக் காப்பதையும் மக்கள் அதில் உலவுவதையும் ஒரே நோக்கத்தின் இரு பகுதிகளாக வைத்தது.

இவ்விரட்டை நிலையை இவ்விளையாட்டின் வரைபட மொழியிலும் காணலாம். பொதுவான வரைபடங்களில் காடு பச்சை. இங்கோ தடையின்றி ஓடத்தக்க காடு வெள்ளை. புதர் அடர அடரப் பச்சை அடர்கிறது. ஆகவே இங்கே பச்சை மரத்தின் நிறமன்று, தடையின் அளவு. நுழையக்கூடாத பகுதிகளைச் செந்நீலக் கோடுகள் மூடுகின்றன. போட்டியாளர் தேட வேண்டிய இடங்களின் விவரங்களும் சொற்களில் அன்றிக் குறியீடுகளிலேயே தரப்படுகின்றன. எம்மொழியினரும் அவற்றைப் படிக்கலாம். எங்கே செல்லலாம் என்பதைச் சொல்லும் அதே தாள், எங்கே செல்லலாகாது என்பதையும் சொல்கிறது.

இந்திய வரலாறு வேறு திசையில் சென்றது. 1878, 1927 ஆண்டுகளின் வனச் சட்டங்கள் ஒதுக்கப்பட்ட காட்டில் அத்துமீறி நுழைவதைக் குற்றமாக்கின. 1972-இன் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் சரணாலயங்களுக்குள் நுழைவதை வரையறுத்தது. 1767-இல் தொடங்கிய இந்திய நில அளவைத் துறையின் வரைபடங்களும் நெடுங்காலம் பொதுமக்கள் கைக்கு எளிதில் எட்டவில்லை. 2005-இன் தேசிய வரைபடக் கொள்கை பாதுகாப்புத் துறைக்கு ஒரு வரிசையும் பொதுப் பயன்பாட்டுக்கு மற்றொன்றுமாகப் பிரித்தது. 2021 பிப்ரவரியில் வெளியான வழிகாட்டு நெறிகளே பெருமளவு தளர்வு தந்தன.

நார்வேயின் சட்டத்தை இங்கு அப்படியே நடுவதற்கில்லை. யானையும் புலியும் வாழும் காட்டில், பழங்குடியினரின் வாழ்வுரிமை 2006-இல்தான் சட்ட ஏற்புப் பெற்ற காட்டில், விளையாட்டுக்கான உரிமை முதலாவதாக வர இயலாது. எனினும் ஒன்றை இவ்வரலாறு காட்டுகிறது: மக்களை வெளியே நிறுத்துவது மட்டுமே காட்டைக் காக்கும் வழியன்று. எல்லையைத் தெளிவாக வரைந்து, அந்த வரைபடத்தை மக்கள் கையில் கொடுத்து, அதனைப் படிக்கக் கற்பிப்பதும் ஒரு பாதுகாப்பு முறையே.