அவரை எனக்குத் தெரியும்

சென்ற ஆண்டு ஒரு மதியம் அலுவலகத் தொலைபேசி அடித்தது. துணைப்பாட வகுப்புகளுக்கு நேரம் பதிவு செய்யும் ஒரு சிறிய இணையத்தளத்தில் நான் வேலை செய்கிறேன். மொத்தம் ஆறு பேர். வாடிக்கையாளர் சேவைக்கென்று தனி ஆள் கிடையாது. யார் பக்கத்தில் இருக்கிறாரோ அவர் எடுப்பார். அன்று நான் எடுத்தேன்.

அழைத்தவர் ஆங்கிலத்தில் தொடங்கினார். என் பெயரைச் சொன்னதும் தமிழுக்கு மாறிவிட்டார்.

"தம்பி, என்னால உள்ள போகவே முடியல. மூணு வருஷமா மகனோட கிளாஸ் எல்லாம் அதுலதான் புக் பண்றேன். முன்னாடியே கட்டின காசும் அதுலதான் கிடக்கு."

பார்த்தேன். அவர் எங்களிடம் கடவுச்சொல் என்று ஒன்றை வைத்ததே இல்லை. ஒரு பெரிய நிறுவனத்தின் பெயர் போட்ட பொத்தானை அழுத்தித்தான் இத்தனை நாளும் வந்திருக்கிறார். அந்த நிறுவனம் அவருடைய கணக்கை முடக்கிவிட்டது. ஏன் என்று அவருக்கும் தெரியவில்லை. படிவம் நிரப்பி அனுப்பியிருக்கிறார், பதில் இல்லை. எங்களிடம் அவர் மகனின் பெயர் இருந்தது, மூன்று ஆண்டு வருகைப் பதிவு இருந்தது, மீதிப் பணம் எவ்வளவு என்பதும் இருந்தது. ஆனால் "ஆமாம், இவர்தான் அவர்" என்று அந்த நிறுவனம் சொன்னால்தான் எங்கள் கதவு திறக்கும்.

"என் பேரு உங்ககிட்ட இருக்குல்ல? அப்புறம் ஏன் அவங்களப் போய்க் கேக்கணும்?"

என்னிடம் பதில் இல்லை. அந்தப் பொத்தானை வைத்தவனே நான்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் செய்தது, அரை நாள் வேலை. பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டு படித்தபோதும் இது எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்லித்தரவில்லை, நானும் கேட்டதில்லை. அன்று இரவுதான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

*

எல்லா இணையத்தளங்களுக்கும் ஒரே லாகின் என்ற ஆசை பழையது. அதைப் பெரிய அளவில் முதலில் முயன்றது மைக்ரோசாஃப்ட். 1997ஆம் ஆண்டின் இறுதியில் ஹாட்மெயிலை வாங்கியிருந்தார்கள். 1999இல் 'பாஸ்போர்ட்' என்ற சேவையைத் தொடங்கினார்கள். பெயரிலேயே திட்டம் தெரிகிறது: ஒரு கடப்பிதழ், எல்லா நாட்டுக்கும் அனுமதி. ஹாட்மெயில் வைத்திருந்தவர்கள் கேட்காமலேயே பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களாக ஆனார்கள்.

அதே ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. பாஸ்போர்ட் சேவையின் இணையப் பெயருக்கான கட்டணத்தைப் புதுப்பிக்க மைக்ரோசாஃப்ட் மறந்துவிட்டது. ஹாட்மெயில் பலருக்குத் திறக்கவில்லை. கடைசியில் அமெரிக்காவில் ஒரு லினக்ஸ் நிரலாளர் தன் கையிலிருந்து 35 டாலர் கட்டிச் சரிசெய்தார். சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் எல்லாக் கதவுக்கும் ஒரே சாவி என்றால், அந்தச் சாவி தொலையும் நாளில் எல்லாக் கதவும் அடைபடும் என்பது முதல் ஆண்டிலேயே தெரிந்துவிட்டது.

2001இல் அந்தரங்க உரிமை அமைப்புகள் அமெரிக்காவின் கூட்டரசு வணிக ஆணையத்திடம் புகார் கொடுத்தன. பாஸ்போர்ட்டின் பாதுகாப்பு பற்றியும் அது திரட்டும் தகவல்கள் பற்றியும் மைக்ரோசாஃப்ட் சொன்னவை உண்மைக்குப் பொருந்தவில்லை என்றது ஆணையம். 2002 ஆகஸ்டில் உடன்பாடு ஏற்பட்டது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வெளியார் தணிக்கை, அதுவும் 20 ஆண்டுகளுக்கு. இதற்கிடையே சன் மைக்ரோசிஸ்டம்ஸ் முன்னின்று, 2001இல் 'லிபர்ட்டி அலையன்ஸ்' என்ற போட்டிக் கூட்டணியைத் தொடங்கியிருந்தது. பாஸ்போர்ட்டை ஏற்றிருந்த ஈபே 2005 தொடக்கத்தில் அதைக் கைவிட்டது.

ஏன் தோற்றது? இதற்கு நல்ல பதிலைச் சொன்னவர் மைக்ரோசாஃப்டிலேயே வேலை செய்த கிம் கேமரன். 2005இல் அவர் எழுதிய 'அடையாளத்தின் விதிகள்' இத்துறையில் இன்றும் பேசப்படுகிறது. ஒரு பரிமாற்றத்தில் யார் யார் நிற்கிறார்களோ, அவர்கள் ஒவ்வொருவரும் அங்கே நிற்பதற்கு நியாயம் இருக்க வேண்டும் என்பது அதில் ஒரு விதி. மைக்ரோசாஃப்டின் தளத்துக்குள் போக மைக்ரோசாஃப்டின் சாவி என்றால் யாருக்கும் உறுத்தவில்லை. ஈபேயில் ஒரு பழைய கேமராவை வாங்கும்போது நடுவில் மைக்ரோசாஃப்ட் ஏன் நிற்க வேண்டும்? வாங்குபவருக்கும் புரியவில்லை, ஈபேக்கும் பிடிக்கவில்லை. தன் கடைச் சாவியைப் பக்கத்துக் கடைக்காரரிடம் எந்த முதலாளிதான் கொடுப்பார்?

*

அதே 2005ஆம் ஆண்டு மே மாதம் இதற்கு நேரெதிரான ஒன்று பிறந்தது. லைவ்ஜர்னல் தளத்தை உருவாக்கிய பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் ஒரு சின்னப் பிரச்சினையைத் தீர்க்க நினைத்தார். ஒரு வலைப்பூவில் எழுதுகிறவர் இன்னொரு தளத்து வலைப்பூவில் கருத்து எழுதப் புதுக் கணக்கு ஏன் திறக்க வேண்டும்? அவர் செய்த ஏற்பாட்டுக்கு ஓப்பன்ஐடி என்று பெயர்.

அதில் உங்கள் அடையாளம் என்பது ஓர் இணைய முகவரி. நீங்கள் நுழைய விரும்பும் தளத்தில் அந்த முகவரியைத் தட்டச்சு செய்கிறீர்கள். "இவர் உங்கள் ஆள்தானா?" என்று அந்தத் தளம் உங்களுக்குப் பொறுப்பான வழங்கியிடம் உங்களை அனுப்புகிறது. கடவுச்சொல்லை அங்கே மட்டும்தான் கொடுக்கிறீர்கள். "அவரை எனக்குத் தெரியும்" என்று ஒரு சீட்டோடு அது உங்களைத் திருப்பி அனுப்புகிறது. அந்தக் காலத்தில் புதிய ஊருக்குப் போகிறவர் கையில் கொண்டுபோன அறிமுகக் கடிதம் மாதிரி.

என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது இன்னொரு விஷயம். கடிதம் கொடுப்பவரை நீங்களே மாற்றிக்கொள்ளலாம். உங்களுக்குச் சொந்தமாக ஒரு வலைப்பக்கம் இருந்தால், அதில் இரண்டு வரி சேர்த்து "எனக்காக இன்னார் சாட்சி சொல்வார்" என்று எழுதிவிடலாம். அந்த இன்னார் கடையை மூடினாலோ, உங்களோடு சண்டை போட்டாலோ, இரண்டு வரியை மாற்றினால் போதும். உங்கள் முகவரி அப்படியே இருக்கும். நீங்கள் நீங்களாகவே எல்லாத் தளத்துக்கும் போகலாம்.

தொலைபேசியில் வந்த அந்த அம்மாவுக்குத் தேவைப்பட்டது இந்த இரண்டு வரிதான்.

2007 பிப்ரவரியில் பில் கேட்ஸே ஓப்பன்ஐடிக்கு ஆதரவு அறிவித்தார். 2008 ஜனவரியில் யாஹூ வந்தது. அடுத்த மாதம் கூகல், ஐபிஎம், மைக்ரோசாஃப்ட், யாஹூ எல்லாம் ஓப்பன்ஐடி அறக்கட்டளையின் நிர்வாகக் குழுவில் உட்கார்ந்தன. கோடிக்கணக்கான பேரிடம் ஓப்பன்ஐடி இருப்பதாகக் கணக்குச் சொன்னார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குத் தங்களிடம் அது இருப்பதே தெரியாது.

சிக்கல் எங்கே என்றால், பெரிய நிறுவனங்கள் எல்லாம் சாட்சி சொல்ல வந்தன. அடுத்தவர் சாட்சியை ஏற்க வரவில்லை. யாஹூவின் முகவரியை வைத்து மற்ற தளங்களுக்குப் போகலாம். மற்றவர்களின் முகவரியை வைத்து யாஹூவுக்குள் போக முடியாது. கல்யாண வீட்டில் எல்லாரும் பரிமாற நிற்கிறார்கள், பந்தியில் உட்கார ஆளில்லை.

மக்களுக்கும் அது புரியவில்லை. 'உங்கள் ஓப்பன்ஐடி முகவரி' என்று கேட்டால் எதைத் தட்டுவது? மனிதர்கள் தங்களை மின்னஞ்சலால் அறிந்திருந்தார்கள், இணைய முகவரியால் அல்ல. யாஹூவே 2008இல் ஒரு சிறு பயனர் சோதனை நடத்தி, சாதாரண மக்கள் இதில் குழம்புகிறார்கள் என்று வெளிப்படையாகச் சொன்னது. தட்டச்சு செய்யச் சொல்லாமல் சின்னங்களை வரிசையாக வைத்துப் பார்த்தார்கள். யாஹூ, ஏஓஎல், கூகல் என்று உள்நுழையும் பக்கம் விளம்பரம் ஒட்டிய பந்தயக் கார் மாதிரி ஆனது. அமெரிக்கக் கார்ப் பந்தயத்தின் பெயரை வைத்து இதற்கு 'நாஸ்கார் பிரச்சினை' என்றே பெயர் வந்துவிட்டது.

*

2008 டிசம்பரில் 'ஃபேஸ்புக் கனெக்ட்' எல்லாத் தளங்களுக்கும் திறந்துவிடப்பட்டது. ஒரு நீலப் பொத்தான். தட்டச்சு செய்ய ஒன்றுமில்லை, தேர்வு செய்ய ஒன்றுமில்லை.

பயனருக்கு அது எளிது என்பதால் பரவியது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது பாதிக் காரணம். ஓப்பன்ஐடி ஓர் இணையத்தளத்துக்குத் தந்தது "இந்த முகவரிக்குச் சொந்தக்காரர் இவர்தான்" என்ற ஒரு வாக்குறுதி மட்டுமே. ஃபேஸ்புக் கொடுத்தது உண்மைப் பெயர், படம், நண்பர் பட்டியல். போதாததற்கு, அந்தத் தளத்தில் நீங்கள் செய்வதை உங்கள் நண்பர்களுக்கு அறிவிக்கும் வசதி வேறு. கதவைத் திறந்துவிட்ட தளத்துக்குக் கூட்டம் பரிசாகக் கிடைத்தது. ஒரே லாகின் பரவுவதைத் தீர்மானித்தது உள்ளே போகிறவர் அல்ல, கதவின் சொந்தக்காரர். மைக்ரோசாஃப்டும் ஓப்பன்ஐடியும் அவருக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. ஃபேஸ்புக் கொடுத்தது.

அதற்குப்பின் ஓப்பன்ஐடி வேகமாகத் தேய்ந்தது. 2011இல் 37சிக்னல்ஸ் அதை நிறுத்தியது. மோசில்லா அதே ஆண்டு மின்னஞ்சலையே அடையாளமாக வைத்து, பின்னர் 'பெர்சோனா' என்று பெயர் பெற்ற ஒன்றைக் கொண்டுவந்தது. நீங்கள் எங்கெங்கே போகிறீர்கள் என்பது சாட்சி சொல்பவருக்கே தெரியாதபடி வடிவமைக்கப்பட்ட அருமையான வேலை. அதுவும் 2016 நவம்பரில் மூடப்பட்டது. பல தளங்கள் ஏற்கவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் 2014 பிப்ரவரியில் 'ஓப்பன்ஐடி கனெக்ட்' என்ற புதிய நெறிமுறை வெளிவந்தது. இன்று கூகல் பொத்தானுக்குள் ஓடுவது அதுதான். 2019இல் வந்த ஆப்பிள் பொத்தானும் அதன்மீதுதான் கட்டப்பட்டது. நான் அரை நாளில் ஒட்டிய நிரலும் அந்தக் குடும்பம்தான். பெயரைப் பார்த்தால் ஓப்பன்ஐடி வென்றுவிட்டது. யார் வேண்டுமானாலும் சாட்சி சொல்லலாம் என்பதற்கு அந்த ஆவணத்தில் இன்றும் இடம் இருக்கிறது. நாங்கள்தான் இரண்டே பேரை எழுதி வைத்திருக்கிறோம். நெறிமுறை பிழைத்தது, அந்த இரண்டு வரி பிழைக்கவில்லை.

அதன் விலை அவ்வப்போது தெரியவரும். 2018 செப்டம்பரில் ஃபேஸ்புக்கில் ஏறத்தாழ 5 கோடிக் கணக்குகளின் உள்நுழைவு டோக்கன்கள் ஆபத்துக்குள்ளானதாக அறிவித்தார்கள், பிறகு அதை 3 கோடி என்று திருத்தினார்கள். 2021 அக்டோபர் 4ஆம் தேதி ஃபேஸ்புக் சுமார் ஆறு மணி நேரம் இணையத்திலிருந்தே காணாமல்போனபோது, அந்தப் பொத்தானை நம்பியிருந்த மற்றத் தளங்களின் வாசலிலும் ஆட்கள் நின்றார்கள்.

*

இதைப் படித்துக்கொண்டிருந்தபோது என் கைப்பேசியில் இருந்த சிங்பாஸ் செயலி நினைவுக்கு வந்தது. 2003 மார்ச்சில் தொடங்கியது, ஓப்பன்ஐடியைவிட மூத்தது. வரி, மத்திய சேமநிதி, வீட்டு விண்ணப்பம் எல்லாவற்றுக்கும் ஒரே சாவி. இன்று வங்கிகளும் அதை ஏற்கின்றன. உள்ளே ஓடுவது அதே ஓப்பன்ஐடி கனெக்ட். உலகம் முழுக்கத் திணறிய ஒன்று இங்கே எப்படி நடந்தது? சாவி கொடுப்பவரும் கதவுகளின் சொந்தக்காரரும் ஒருவரே என்பதால். யாரும் யாரையும் சம்மதிக்கவைக்க வேண்டியிருக்கவில்லை.

அங்கேயும் அடி விழாமல் இல்லை. 2014இல் 1,560 கணக்குகளில் அனுமதியின்றி யாரோ நுழைந்திருக்கலாம் என்று தெரிந்தது. அரசாங்கத்தின் முக்கியச் சேவைகளுக்கு 2016 ஜூலை முதல் இரண்டாம் சரிபார்ப்பு கட்டாயமானது. ஒரே கையில் எல்லாச் சாவியும் இருப்பது எனக்கு முழு நிம்மதி தரும் விஷயமும் அல்ல. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. கடவுச்சொல்லை மறந்தால் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு போய் நிற்க ஒரு முகப்பு இருக்கிறது. எதிரில் ஒரு மனிதர் இருக்கிறார். சாட்சி சொல்ல முடியாது என்று மறுப்பவர் ஏன் என்றும் சொல்லியாக வேண்டும். பொத்தானுக்குப் பின்னால் அப்படி யாரும் இல்லை.

அந்த அம்மாவின் விஷயத்தில் நாங்களே முகப்பாக மாறினோம். பழைய ரசீதுகளை அனுப்பச் சொன்னேன். மகனின் வகுப்பு ஆசிரியரிடம் கேட்டேன். "ஆமாம், அவங்களத் தெரியும்" என்றார் ஆசிரியர். மூன்று நாள் ஆனது. பிறகு, பொத்தான் வழியாக வந்தவர்கள் எல்லாரிடமும் இன்னொரு வழியையும் கேட்டு வாங்கிக்கொள்ளும்படி நிரலை மாற்றினேன். தொலைபேசி எண், மின்னஞ்சல், ஏதோ ஒன்று. முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. அதுவும் அரை நாள்தான் எடுத்தது.

இரண்டு மாதம் கழித்து வேறொரு விஷயமாக அவருடைய பதிவைத் திறந்தேன். புதுக் கணக்கு ஒன்றைத் திறந்து, அதே நிறுவனத்தின் அதே பொத்தானை அழுத்தித்தான் மறுபடியும் உள்ளே வந்துகொண்டிருந்தார். வேறு ஏதோ கேட்கிற சாக்கில் அதைப் பற்றியும் கேட்டேன்.

"என்ன செய்யறது தம்பி, பாஸ்வர்ட் யாருக்கு ஞாபகம் இருக்கு? இதுதான் ஈசி."

கோபம் வரவில்லை. என் கைப்பேசியிலும் அதே பொத்தானால் திறக்கும் செயலிகள் பதினேழு இருந்தன, அன்றுதான் எண்ணினேன். அவற்றில் ஆறுக்கு வேறு வழியே வைத்திருக்கவில்லை. இந்தக் கட்டுரையை முடிக்கும்போது அது இரண்டாகக் குறைந்திருக்கிறது.