பங்கு கேட்கும் உதவி, பங்கு கேட்காத உதவி

ஸ்ரீரங்கத்து உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் ரயில்வே, பெல், வங்கி, பள்ளிக்கூடம் என்று உழைத்து ஓய்வுபெற்றவர்கள் பலர் வாழ்கிறார்கள். அவர்களுடைய வருமானத்தில் சிக்கல் ஏதுமில்லை: பென்ஷன், இரண்டு மூன்று வங்கிகளில் எஃப்.டி., அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம். ஆனாலும் ஜூலை பிறந்தால் கலக்கம். ஒரு வங்கியில் வரி பிடிக்க வேண்டாம் என்று 15எச் படிவம் கொடுத்திருப்பார், இன்னொன்றில் விட்டுப்போயிருக்கும். வட்டி வரம்பைத் தாண்டினால் அங்கே டி.டி.எஸ். பிடித்துவிடுவார்கள். வரியே கட்ட வேண்டாதவரும் அந்தப் பணத்தைத் திரும்பப் பெற ரிட்டர்ன் தாக்கல் செய்தாக வேண்டும். இவருக்கு யார் உதவுவது என்ற கேள்விக்கு இந்தியாவும் அமெரிக்காவும் வெவ்வேறு விடை கண்டன. அவற்றை இந்தப் பென்ஷன்காரரை வைத்தே எடைபோட வேண்டும்.

நம் நாட்டின் விடை, 2006 நவம்பரில் அறிவிக்கப்பட்ட வரிக்கணக்குத் தயாரிப்பாளர் திட்டம். பட்டதாரிகளைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, சான்றிதழோடு ஊர்களுக்கு அனுப்புவது. நல்ல எண்ணம்தான். ஊதியம் வகுத்த முறையில்தான் கோணல். புதிதாகத் தாக்கல் செய்ய வருபவர் கட்டும் வரியில் முதல் ஆண்டு 3 சதவீதம், அடுத்த ஆண்டு 2, மூன்றாம் ஆண்டு 1 என்று அரசு ஊக்கத்தொகை வைத்தது. வாடிக்கையாளரிடம் 250 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்றும் வரம்பு கட்டியது. அப்படியானால், வரி பூஜ்யமாக வரும் ஸ்ரீரங்கத்துப் பெரியவரின் அருகே உட்கார்ந்து ஒவ்வொரு வட்டிச் சான்றிதழாகப் பார்ப்பதற்கு ஊக்கத்தொகையும் பூஜ்யம். புதிய வரிதாரர்களைச் சேர்க்க அது பொருத்தமான ஏற்பாடு. குழம்பி நிற்பவருக்குப் புரியவைக்க அல்ல.

அமெரிக்காவின் வீட்டா திட்டத்தில் பணம் கைமாறுவதே இல்லை. குறைந்த, நடுத்தர வருமானக்காரர்களுக்குத் தன்னார்வலர்கள் நூலகங்களிலும் சமூகக்கூடங்களிலும் உட்கார்ந்து கணக்கு போட்டுத் தருகிறார்கள். வரித் துறையின் தேர்வில் தேறியவர்கள் மட்டுமே உட்காரலாம். ஒருவர் தயாரித்ததை வேறொருவர் சரிபார்த்த பிறகே அனுப்ப வேண்டும். கலிஃபோர்னியாவில் நார்த்ரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணக்கியல் மாணவர்கள் 1970களின் தொடக்கத்திலிருந்தே இதைச் செய்துவருகிறார்கள். அந்தத் திட்டத்தில் என்னை மிகவும் கவர்ந்தது வேறொரு முறை: வரி கட்டுபவரே தட்டச்சு செய்வார், தன்னார்வலர் பக்கத்தில் இருந்து வழிசொல்வார். அடுத்த ஆண்டு அவருக்குத் துணை குறைவாகவே தேவைப்படும்.

வலைத்தளத்தைப் பொறுத்தவரை நாம் பின்தங்கியவர்கள் அல்லர். அமெரிக்காவில் பலர் தனியார் மென்பொருளுக்குப் பணம் கொடுத்துத் தாக்கல் செய்கிறார்கள். இங்கே வருமான வரித் தளம் இலவசம். பென்ஷனையும் வட்டியையும் அதுவே நிரப்பித் தருகிறது. 2021 முதல் ஏ.ஐ.எஸ். என்னும் ஆண்டுத் தகவல் அறிக்கையில் எந்த வங்கி எவ்வளவு வட்டி கொடுத்தது என்றும் பார்க்கலாம். 75 வயது நிரம்பியவருக்கு, பென்ஷனும் வட்டியும் ஒரே வங்கியில் வந்தால், அந்த வங்கியே வரியைக் கணக்கிட்டுப் பிடித்துக்கொள்ளும், ரிட்டர்ன் வேண்டாம். அஞ்சலகத்திலோ வேறு வங்கியிலோ வட்டி வந்தால் அந்தச் சலுகை போய்விடும். இதைத் தளம் எடுத்துச் சொல்லாது. 2025-26 வருமானம் 12 லட்சம் வரை இருந்தால் புதிய முறையில் பொதுவாக வரி இல்லை. ஆனாலும் 4 லட்சத்தைத் தாண்டினால் தாக்கல் செய்தாக வேண்டும். இதையும் ஓர் ஆள்தான் பொறுமையாக விளக்க வேண்டும்.

அந்த ஆள் யார் என்பது முக்கியம். 2025 ஜூலையில் வருமான வரித் துறை நாடெங்கும் 150 இடங்களில் சோதனை நடத்தியது. பொய்க் கழிவுகள் காட்டி ரீஃபண்ட் வாங்கித் தந்து, அதில் கமிஷன் எடுத்த இடைத்தரகர்களைத் தேடித்தான் அந்தச் சோதனை. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் மட்டும் சுமார் 40,000 பேர் தங்கள் ரிட்டர்னைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய் அளவுக்குப் பொய்க் கோரிக்கைகளைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். அரசின் வரிக்கணக்குத் தயாரிப்பாளர் திட்டம் சட்டபூர்வமானது, தரகரின் வேலை குற்றம். இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது. ஆனால் இரண்டிலுமே உதவுபவரின் வரும்படி ஒரு தொகையோடு கட்டுண்டிருக்கிறது. ஒன்றில் வரி கூடினால் லாபம், மற்றதில் ரீஃபண்ட் கூடினால் லாபம். பெரியவருக்குத் தன் கணக்கு விளங்கியதா என்பது இரண்டிலும் யாருக்கும் பொருட்டில்லை. பின்னாளில் நோட்டீஸ் வருவதோ அவர் பெயருக்கு.

அதனால் வீட்டாவின் வழியே நமக்கு உகந்தது என்பது என் முடிவு. அதற்கான ஆட்களும் திருச்சியிலேயே இருக்கிறார்கள். செயின்ட் ஜோசப், பிஷப் ஹீபர், ஜமால் முகமது, நேஷனல் கல்லூரிகளில் வணிகவியல் மாணவர்கள் வருமான வரியைப் பாடமாகவே படிக்கிறார்கள். ஆடிட்டர் ஒருவரின் மேற்பார்வையில் ஜூன், ஜூலை மாதங்களில் அவர்கள் வாரம் ஒருநாள் ஸ்ரீரங்கத்தில் உட்கார்ந்தால் போதும். பாஸ்வேர்டையும் ஓ.டி.பி.யையும் மாணவர் கேட்கக் கூடாது. பெரியவரே தட்டச்சு செய்ய வேண்டும். அனுப்புமுன் இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். கல்லூரி முதல்வர்களே, அடுத்த ஜூனில் இதைத் தொடங்குங்கள்.