அடிமை உழைப்புப் பொருள் புறக்கணிப்பு

அடிமைகளைக் கொண்டு விளைவித்த சர்க்கரை, பருத்தி முதலிய பொருள்களை வாங்கவும் விற்கவும் மறுத்து 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நடந்த இயக்கம். கடைச் சரக்கு யாருடைய உழைப்பில் விளைந்தது என்பதற்கு அதை விற்பவரும் வாங்குபவரும் பொறுப்பாவர் என்னும் கருத்து மக்களிடையே பரவலாக வேரூன்றிய தொடக்ககால நிகழ்வுகளுள் ஒன்றாக இது கருதப்படுகிறது. குவேக்கர் எனப்படும் கிறித்தவப் பிரிவினருள் ஜான் ஊல்மன் (1720–1772) போன்ற சிலர் முன்பே இத்தகைய பொருள்களைத் தவிர்த்து வந்தனர்.

அடிமை வணிகத்தை ஒழிக்க நாடாளுமன்ற உறுப்பினர் வில்லியம் வில்பர்ஃபோர்ஸ் எடுத்த முயற்சி 1791 ஏப்ரலில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் 163க்கு 88 என்ற வாக்குகளில் தோற்றபின், வில்லியம் ஃபாக்ஸ் மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரையையும் ரம் மதுவையும் கைவிடக் கோரும் சிறுநூலை வெளியிட்டார். வாரம் 5 பவுண்டு சர்க்கரையும் அதற்கேற்ற ரம்மும் செலவிடும் குடும்பம் 21 மாதம் அவற்றைத் தவிர்த்தால், ஒரு மனிதர் அடிமையாவதோ கொல்லப்படுவதோ தடுக்கப்படும் என்று அவர் கணக்கிட்டார். வீட்டுச் செலவைக் கவனித்த பெண்கள் இதில் முன்னின்றனர். சுமார் 3 லட்சம் பேர் சர்க்கரையைக் கைவிட்டதாக அடிமை ஒழிப்பு இயக்கத்தவரான தாமஸ் கிளார்க்சன் மதிப்பிட்டார். அத்தொகையைச் சரிபார்ப்பது அரிது. ஹேவர்ஹில் ஊரில் சர்க்கரை விற்றுவந்த குவேக்கர் வணிகர் ஜேம்ஸ் ரைட், அடிமைமுறையோடு தொடர்பற்ற வழியில் கிடைக்கும்வரை அதை விற்பதில்லை என்று 1792இல் செய்தித்தாளில் விளம்பரம் செய்து, தம் வாடிக்கையாளர்களுக்குக் காரணத்தையும் எடுத்துரைத்தது தனியே குறிக்கத்தக்கது.

1791 ஆகஸ்டில் பிரெஞ்சுக் குடியேற்றமான செயின்ட் டொமிங்குவில் அடிமைகள் கிளர்ந்தெழுந்ததாலும் சர்க்கரை விலை ஏறியமையால், சந்தையில் புறக்கணிப்பு மட்டும் உண்டாக்கிய விளைவைப் பிரித்தறிவது கடினம். 1807இல் அடிமை வணிகம் தடைசெய்யப்பட்டதில் அதன் பங்கு எவ்வளவு என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு.

1820களில் இயக்கம் மீண்டும் எழுந்தபோது, உள்ளிருப்பது அடிமைகள் செய்யாத கிழக்கிந்தியச் சர்க்கரை என்று எழுதிய பீங்கான் கிண்ணங்கள் உணவு மேசைகளில் இடம்பெற்றன. ஆறு குடும்பங்கள் அச்சர்க்கரைக்கு மாறினால் ஓர் அடிமை குறைவார் என்ற கணக்கும் சிலவற்றில் பொறிக்கப்பட்டிருந்தது. எனினும் இந்தியாவில் விளைந்த சர்க்கரை கட்டாய உழைப்பின் கறை அற்றதுதானா என்ற ஐயம் அக்காலத்திலேயே எழுப்பப்பட்டது.

அமெரிக்காவில் பெஞ்சமின் லண்டி 1826இல் பால்டிமோரிலும், ஜார்ஜ் டெய்லர் 1847இல் பிலடெல்பியாவிலும் அடிமை உழைப்பற்ற பொருள்களுக்கென்றே கடை திறந்தனர். அத்தகைய பருத்தித் துணி போதிய அளவில் கிடைக்காததோடு விலையும் கூடுதலாக இருந்தது. சரக்கின் பின்னுள்ள உழைப்புக்கு விற்பவரும் பொறுப்பு என்னும் அதே கருத்தையொட்டி, பெரிய நிறுவனங்கள் தம் கொள்முதல் வழிகளில் அடிமை உழைப்பைத் தடுக்க எடுத்த நடவடிக்கைகளை ஆண்டுதோறும் அறிக்கையாக வெளியிட வேண்டும் என்று பிரிட்டன் 2015இல் சட்டம் இயற்றியது.