எச்சமின்றி மறைந்த மனைகள்: பழனி மலை வீட்டகம் பற்றிய ஒரு குறிப்பு

பழனி மலைத்தொடரின் பண்டை வரலாற்றை ஆராயப் புகுவார்க்கு முதற்கண் எதிர்ப்படுவன ஈமச் சின்னங்களே. தாண்டிக்குடி முதலிய இடங்களில் பலகைக் கற்களை நிறுத்தி மூடிய கல்திட்டைகள் இன்றும் உள்ளன. சேசு சபைத் துறவியாகிய ஆங்லேடும் நியூட்டனும் இவற்றைப் பற்றி எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928-இல் வெளியிட்டது. இறந்தார்க்கு எடுத்த இல்லம் இவ்வாறு நிலைபெற்றிருக்க, அவர் உயிரோடு வாழ்ந்த இல்லம் முழு வடிவில் கிடைத்திலது. பானை ஓடுகள் எஞ்சின; கூரையும் பரணும் படுக்கையும் எஞ்சவில்லை. இதனை நாகரிகக் குறைவின் அடையாளமாகக் கொள்வது பொருந்துமா என்பதே நாம் ஈண்டு எழுப்பும் வினா.

அண்மைக் காலம் வரை நின்ற மலைவீடுகள் இதற்கு விடை தருகின்றன. பளியர் பாறைக் குகைகளிலும் புல்வேய்ந்த குடில்களிலும் தங்கினர். மேல்மலை ஊர்களில் உழவர் மண்சுவர் எழுப்பிப் புல் வேய்ந்தனர். தரை சாணத்தால் மெழுகப்பட்டது. அடுப்பின் மேல் மூங்கிற் பரண் அமைந்தது. அடுப்புப் புகை வீணாகாமல் பரணிலிருந்த தானியத்தையும் கூரையின் புல்லையும் பூச்சி அரிக்காமல் காத்தது. நைந்த கூரை எருக்குழிக்குச் சென்று வயலுக்கு உரமாயிற்று. இடிந்த சுவரின் மண்ணை மீண்டும் குழைத்துச் சுவர் வைத்தனர். மலையிடம் பெற்றது மலைக்கே திரும்பியது. எச்சமின்மை இவ்வொழுங்கின் விளைவே எனலாம்.

இஃது ஒழுங்கன்று, வறுமையே என்று சிலர் மறுக்கக்கூடும். பெரும்பாணாற்றுப்படை ஈந்தின் இலை வேய்ந்த எயினர் குடிலையும், அதனுள் மான்தோற் படுக்கையில் மகவோடு கிடக்கும் தாயையும் காட்டுகிறது. மலைபடுகடாமும் புல்வேய்ந்த குடில்களைக் கூறுகிறது. இவை பழனி மலையைச் சுட்டாதன. எளியோர் வாழ்வைக் கூறுவன. ஆகலின் இவை மட்டும் அவ்வையத்தைப் போக்கா. ஆனால் நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில் பாண்டியன் தேவியின் கட்டில் யானைக் கொம்பாற் செய்யப்பட்டது. அக்கொம்பு போரில் பட்ட யானையினது எனப் பாட்டுக் குறிக்கிறது. கட்டிலுக்கென்று யானையைக் கொன்றதாகக் கூறவில்லை. செல்வம் மிக்க அரண்மனையிலும், ஒரு பயன் முடிந்த பொருள் மறுபயன் பெறுவது புலவர்க்கு விதந்து கூறத்தக்க சிறப்பாயிற்று. எனவே மறுபயன்பாட்டை வறுமையின் விளைவு என்று மட்டும் கொள்ளுதல் இயலாது.

இவ்வொழுங்கு முறிந்த வரலாறு கடந்த இரு நூற்றாண்டுகளுக்குள் அடங்குவது. 1821-இல் வார்டு என்னும் ஆங்கில அதிகாரி இம்மலையை அளந்தார். 1845-இல் அமெரிக்க மதுரை மிஷனார் கோடைக்கானலில் தங்கும் மனைகளை எழுப்பினர். குளிர்காயும் அடுப்புகளைக் கொண்ட மாளிகைகள் பெருக, விறகுத் தேவையும் பெருகிற்று. விறகுக்குத் தைலமரமும், தோல் பதனிடும் பட்டைக்குச் சீகை எனப்படும் வாட்டில் மரமும் வந்தன. இவை நடப்பட்ட இடங்களிற் பெரும்பகுதி மரமற்ற புல்வெளியாகும். 1973-க்கும் 2014-க்கும் இடையில் பழனி மலைப் புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு மறைந்தது என்று 2018-இல் வெளிவந்த ஆய்வொன்று செயற்கைக்கோட் படங்களைக் கொண்டு காட்டியுள்ளது; மரத்தோட்டங்களும் வேளாண்மையும் அதற்குக் காரணங்கள். புல்வேய்ந்த வீடு மறைந்ததற்கு ஓடும் தகரமும் மட்டும் காரணமல்ல. வேய்தற்குரிய புல்லே அருகியது.

இன்று வீட்டின் அகத்தை மறுபயன் பொருள்களால் அமைக்கும் எண்ணம் உலகெங்கும் பரவி வருகிறது. அயல் மரங்களை நீக்குவதற்குத் தமிழ்நாட்டரசு 2022-இல் கொள்கை வகுத்தது. வெட்டிய சீகையை நாற்காலியும் பலகையுமாக்குதல் நன்றே. எனினும் சீகையின் நிழலில் சோலை மரக்கன்றுகள் வளரும் இடங்கள் உள. அங்குக் கண்மூடி வெட்டுதல் தீதாகும். அம்மரத்திற்கு விலை ஏறினால் அதனையே மீண்டும் நடும் ஆசையும் எழும். மறுபயன்பாடு தானே நன்மையாகி விடாது என்பதற்குக் கோடைக்கானலே சான்று. 2001-இல் அங்கிருந்த வெப்பமானி ஆலையின் பாதரசம் படிந்த உடைகண்ணாடி பழைய பொருட்கடைக்கு விற்கப்பட்டது வெளிப்பட்டு, ஆலை மூடப்பட்டது. கண்ணாடி மறுபயனுக்குச் சென்றபோது நஞ்சும் உடன் சென்றது. ஒரு பொருள் எங்கிருந்து வந்தது, எதனைத் தாங்கியுள்ளது, எங்குச் சென்று முடியும் என்னும் மூன்றையும் அறிந்த பின்னரே அதனை வீட்டினுள் ஏற்றல் வேண்டும். பழைய மலைவீட்டார் இம்மூன்றையும் அறிந்திருந்தனர். அவையனைத்தும் அவர்தம் கண்ணெதிரே நிகழ்ந்தன.

தமிழ்த்துறைக்கு இதில் ஒரு கடமை உண்டு. அவ்வீடுகள் மண்ணாயின, அவற்றின் உறுப்புகளுக்கும் வேயும் புல்வகைக்கும் முடிச்சுக்கும் மெழுக்குக்கும் வழங்கிய சொற்கள் முதியோர் நாவில் இன்னும் உள. கல்திட்டையை ஆராய்வார்க்குக் கல் காத்திருக்கும், சொல்லோ காத்திராது. முதுகலை மாணவர் மேல்மலை ஊர்களுக்குச் சென்று அச்சொற்களைத் தொகுப்பாராயின், எச்சமின்றி மறைந்த மனைகளுக்கு அத்தொகுப்பே எச்சமாகும்.