சுழலை உடைத்த சிகிச்சை

கை கழுவுகிறோம், அழுக்கு போகிறது. ஆனால் எத்தனை முறை கழுவினாலும் சிலருக்கு அச்சம் போவதில்லை. ஏன் தெரியுமா? கழுவியதும் கிடைக்கும் சிறிது நேர நிம்மதியே மீண்டும் கழுவத் தூண்டுகிறது. இதுவே எண்ணச் சுழற்சி நோய்.

இந்தச் சுழலை உடைக்க லண்டன் உளவியலாளர் விக்டர் மேயர் வழி கண்டார். மிடில்செக்ஸ் மருத்துவமனையில் இரு நோயாளிகளுக்கு அளித்த சிகிச்சையை 1966-இல் வெளியிட்டார். அவர்களுள் ஒருவர் ஓயாது கழுவுபவர். அஞ்சும் பொருள்களைத் தொடச் செய்து, கழுவ விடாமல் தடுத்தனர். கழுவாவிட்டாலும் தீங்கு நேரவில்லை என்பதை அனுபவமே கற்பித்தது. நோய் வெகுவாகக் குறைந்தது.

இன்று நோயாளியின் சம்மதத்துடன், பயிற்சி பெற்றவர் துணையோடு, இது படிப்படியாக அளிக்கப்படுகிறது. வீட்டில் அதட்டித் தடுப்பது சிகிச்சையாகாது. இது பிடிவாதமன்று, நோய். குறைக்கக்கூடிய நோய் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.