நகரத்தார் மனையும் புள்ளி வழக்கும்

ஒரு சமூகத்தாரின் பழைய வரலாற்றை அறிய விரும்புவோர் கல்வெட்டையும் செப்பேட்டையும் நாடுவர். பழங்கணக்குச் சுவடிகளைப் புரட்டுவர். அவையெல்லாம் வேண்டுவனவே. ஆயினும் அச்சமூகத்தார் தாம் குடியிருக்க அமைத்துக்கொண்ட வீட்டையும் தெருவையும் ஓர் ஏடாக வைத்துப் படிப்பவர் சிலரே. கல்லில் எழுதுவித்தவன் தான் சொல்ல விரும்பியதை மட்டுமே எழுதுவிப்பான். வீடு கட்டினவனோ தான் சொல்ல நினையாதனவற்றையும் அதில் வைத்துச் செல்கின்றான்.

நம் நகரத்தார் வீடுகளைப்பற்றி இந்நாளில் பலர் எழுதுகின்றனர். பர்மாத் தேக்கு, இலங்கை முதிரை, இத்தாலியச் சலவைக்கல், பெல்ஜியக் கண்ணாடி, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணச் சாந்து என அடுக்கி வியப்பது ஒரு வழக்கமாய்விட்டது. அவ்வடுக்கு பொய்யன்று. ஆனால் அது நம் முன்னோரிடம் பணம் எத்துணை இருந்தது என்பதைக் காட்டுமேயன்றி, அவர் எத்தகைய மக்கள் என்பதைக் காட்டாது. அதனைக் காட்டுவன வளவைச் சுற்றி வரிசையாய் நிற்கும் சிற்றறைகளே. வந்தோர் எவரும் அவற்றைப் படம் எடுப்பதில்லை. கதவுகள் பூட்டியிருப்பதும் ஒரு காரணமாகலாம்.

வீட்டின் அமைப்பை நம்மவர் அறிவர் எனினும், வெளியூர்களில் பிறந்து வளரும் பிள்ளைகளின் பொருட்டு இங்கே சுருங்கச் சொல்லுகின்றேன். தெருவிலிருந்து படியேறினால் முகப்பு, இருமருங்கும் திண்ணை. கொடுக்கல் வாங்கலும் கணக்குப் பார்த்தலும் ஆடவர் உரையாடலும் அவ்வளவில் நின்றுவிடும். கசலட்சுமி செதுக்கிய நிலையைக் கடந்தால், வானம் பார்த்த முற்றத்தோடு கூடிய வளவு. நாற்புறமும் தூண்கள் தாங்கும் தாழ்வாரம்; அதன்மேல் உள்நோக்கிச் சரிந்த ஓட்டுக்கூரை. மழை அரிதாகிய நம் பூமியில் விழும் நீரையெல்லாம் அக்கூரை முற்றத்திற்கே கொணரும். அண்டாக்களிற் பிடித்தது போக எஞ்சியது கால்வழியே தெருவிற்குச் செல்லும். தாழ்வாரத்தை அடுத்து அறைகள். அப்பால் பந்தி வைக்கும் இரண்டாங்கட்டு. அதற்கும் அப்பால் அடுப்படியும் கிணறும் அமைந்த பின்கட்டு. ஒரு தெருவில் தலைவாயில் வைத்த வீடு அடுத்த தெருவிலே கொல்லை வாயிலோடு முடியும்.

அவ்வறைகளுக்கு வருவோம். அவை சிறியன, பலவற்றிற் சாளரம் இல்லை. முன்கூடத்தில் நூறு பேர் அமரலாம்; அறைக்குள்ளோ ஒரு கட்டிலும் இரண்டு பெட்டியும் வைத்தால் நடக்க இடமில்லை. செல்வத்தில் குறைவில்லாதார் தாம் துயிலும் அறையை இவ்வாறு குறுக்கிக் கட்டியது எற்றுக்கு? அவ்வறை வாழ்வதற்குக் கட்டியதன்று. உரிமைக்குக் கட்டியது என்பதே விடை. மகன் ஒவ்வொருவனுக்கும் ஓர் அறை அல்லது இரட்டை அறை. மணமானவுடன் அவனும் அவன் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி ஆகின்றனர். குலக்கோயிலிலிருந்து மாலை வருகின்றது. கோயிற்கணக்கில் அவன் பெயர் ஏறுகின்றது. புள்ளி வரி அவன்மேல் விழுகின்றது. வீட்டிலும் அவனை வேறு வைக்கின்றார்கள். வேறு வைத்தல் என்பது வெளியே அனுப்புவதன்று. கூரை ஒன்றே, முற்றம் ஒன்றே, கிணறும் ஒன்றே. உலை மட்டும் வேறு. ஆண்டுக்கு இவ்வளவு நெல், இவ்வளவு பணம் என்று தந்தை அளந்து கொடுத்துவிடுவார். அதற்குள் குடும்பம் நடத்தும் பொறுப்பு இளையோருடையது. மணப்பெண் கொண்டுவந்த பித்தளையும் வெள்ளியும் பட்டும் அவள் அறையிற் பூட்டப்படும். சாவி அவள் இடுப்பில் இருக்கும். மாமியாரும் கேளாமல் அதைத் திறவார்.

பெருங்குடும்பமும் தனிக்குடும்பமும் ஒன்றற்கொன்று பகை என்று இக்காலத்தார் கருதுகின்றனர். ஒரே கூரையின்கீழ் இரண்டையும் வைத்து இசைவித்தது நம்மவர் மனை. பொதுவிடம் பெரிது, தனியிடம் சிறிது. ஆனால் தனியிடத்திற்குப் பூட்டு உண்டு. வட்டிக்கடைப் பங்காளிகள் முதலைக் கூட்டாகவும் வரவைத் தனித்தனியாகவும் வைத்து எழுதும் பேரேட்டின் முறையே இவ்வீட்டிலும் காணப்படுகின்றது என்பேன்.

இவ்வழக்கம் எத்துணைப் பழமையுடையது? நம் முன்னோர் காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் என்பதும், பின் பாண்டிநாடு புகுந்து இளையாற்றங்குடி, மாற்றூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி என்னும் ஒன்பது கோயில்களை உடையராயினர் என்பதும் வழிவழி வந்த செய்தி. சிலப்பதிகாரத்து மனையறம்படுத்த காதையிலே, புகார் நகரத்துப் பெருவணிகர் இல்லத்தில், கோவலன் தாய் புதுமணமக்களைத் தனிமனையில் வேறாக வைத்து, விருந்தோம்பி இல்லறம் நடத்தப் பொருளும் அளித்த செய்தி வருகின்றது. மாணாக்கர்க்கு அக்காதையைப் பாடஞ்சொல்லும்போதெல்லாம் நம் வீட்டுப் பின்கட்டின் அடுப்புவரிசை என் நினைவிற்கு வராமல் இருந்ததில்லை. இதனைக் கொண்டு கோவலனை நம் குலத்தானாக்க யான் முற்படவில்லை. அவ்வாறு முற்பட்டு எழுதிய நூல்கள் போதிய அளவு உள்ளன. வணிகர்க்குள் இவ்வழக்கம் தொன்மையானது என்ற அளவே யான் கொள்வது. கடல்கோளுக்கு அஞ்சித்தான் நம்மவர் வீட்டுத் தளத்தை உயர்த்திக் கட்டினர் என்று சொல்வாரும் உளர். கேட்க இனிய கதையே. ஆயினும் திண்ணையில் இருப்பவன் தெருவில் நிற்பவனைக் குனிந்து பார்க்கவேண்டும் என்னும் விருப்பத்திற்குக் கடல் வேண்டுவதில்லை.

வீட்டில் உள்ள ஒழுங்கே ஊரிலும் உண்டு. தெருக்கள் நேராக ஓடி ஒன்றையொன்று நேர்கோணத்தில் வெட்டும். ஊருக்கு நடுவே கோயிலும் ஊருணியும். உட்பிரிவுள்ள கோயில்களை விலக்கிப் பார்த்தால், ஒரு கோயிலார் பங்காளிகள். அவர்களுக்குள் மணம் இல்லை. ஆதலால் பெண் கொள்ளவும் கொடுக்கவும் பிற கோயிலாரைத் தேடியே ஆகவேண்டும். முன்பு தொண்ணூற்றாறு என்றும் இன்று எழுபத்தைந்தளவில் என்றும் எண்ணப்படும் நம் ஊர்கள் ஒன்றோடொன்று பிணைந்து ஒரு நாடாயிருப்பது இதனாலேயாம். மணமும் சாந்தியும் படைப்பும் வீட்டிலேயே நிகழவேண்டும் என்பது விதியாதலின், அத்தனை ஊராரும் வந்து உண்ணுமளவு இரண்டாங்கட்டு நீண்டது. ஆண்டிற்கு மூன்று நாள் நிறைவதற்காக மற்றை நாளெல்லாம் வெறிச்சோடிக் கிடக்கும் கூடங்கள் என்று ஏளனம் செய்வோர்க்கு இதுவே விடை.

அவ்வெறுமையில் வாழ்ந்தவர் யாவர் என்பதையும் சொல்லவேண்டும். ஆடவர் கொண்டு விற்கப் போனார்கள். ஒரு கணக்கு மூன்றாண்டு. இரங்கூனிலும் கொழும்பிலும் பினாங்கிலும் சைகோனிலும் அவர் பெட்டியடியில் அமர்ந்திருக்க, வீட்டை ஆண்டவர் ஆச்சிமார். முகப்பு ஆடவர்க்கென்று கட்டப்பட்டதேனும், ஆண்டின் பெரும்பகுதியில் அந்த வீடுகள் பின்கட்டிலிருந்தே நடத்தப்பட்டன. வற்றலும் வடகமும் உலர்ந்த முற்றமும், கொட்டான் முடைந்த தாழ்வாரமுமே பெரும்பாலோர் கண்ட செட்டிநாடு. வீட்டைப் புகழ்வோர் தேக்கந்தூணைத் தட்டிப் பார்க்கின்றனர். மூன்றாண்டு அதிற் சாய்ந்து கடிதம் எதிர்பார்த்தவர்களைப்பற்றி எழுதினார் மிகச் சிலர்.

தூண்களைப் பற்றியும் ஒன்று மறையாமல் கூறுவேன். கீழைப் பர்மா 1852இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. ஐராவதி முகத்துவாரத்து நெல்லுக்கு உலகச் சந்தை கிடைத்தது. காடு திருத்தக் கடன் கொடுத்தவர் நம்மவர். 1930ஆம் ஆண்டளவில் பர்மாவில் நம் கடைகள் ஏறத்தாழ 1,650 இருந்தன. அவ்வாண்டு நெல்விலை வீழ்ந்தது. கடன்பட்ட உழவர் பணங்கொடுக்க இயலாமல் நிலத்தைக் கொடுத்தனர். முதன்மையான 13 நெல்விளை மாவட்டங்களில் நூற்றுக்கு 6 அளவாயிருந்த நம்மவர் நிலம் 1938க்குள் நூற்றுக்கு 25 ஆயிற்று. நம்மவர் விரும்பி வாங்கியதன்று என்பது உண்மை. தம் நிலத்தில் தாமே குத்தகையாளரான பர்மிய உழவர்க்கு அவ்வுண்மை ஆறுதலளித்திராது என்பதும் உண்மை. வீடுகளைக் கட்டிய கைகளும் நம்முடையன அல்ல. தபதிகளும் தச்சரும் கொத்தரும், ஆத்தங்குடியிலே கண்ணாடிப் பரப்பின்மேல் வண்ணச் சாந்து வார்த்துத் தளக்கல் செய்வோரும் இவ்வேட்டின் பாதியை எழுதியவர்கள். அவர் பெயர் எந்த நிலையின் மேலும் இல்லை.

காரைக்குடியில் ஆயிரஞ் சன்னல் வீடு என வழங்கும் மாளிகை 1941இல் எழுந்தது. அவ்வாண்டு டிசம்பரில் இரங்கூன்மேல் குண்டு விழுந்தது; 1942 மார்ச்சில் அந்நகரம் சப்பானியர் வசமாயிற்று. கப்பல் கிடைத்தோர் கப்பலேறினர். கிடையாதோர் மலைவழியே நடந்து வந்தனர். 1948இல் விடுதலை பெற்ற பர்மிய அரசு நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் இயற்றியது. வருவாய் நின்றது, வீடுகள் நின்றன.

நின்ற வீடுகள் இன்று வீழ்வதற்கு வறுமையே காரணம் என்பர். யான் அவ்வாறு எண்ணவில்லை. வீட்டைக் கட்டிய புள்ளி வழக்கே அதனை இன்று பிரிக்கின்றது. இவற்றை அரண்மனை என்று அழைப்பது பிழை. கானாடுகாத்தானில் அப்பெயர்க்கு உரிய ஒன்று உண்டு. அது அரசர் பட்டம் பெற்றவர் மனை. அரண்மனை ஒருவனுக்கு உரியது. நம் வீடோ புள்ளிகள் அனைவர்க்கும் உரியது. அறைக்குச் சொந்தக்காரன் உண்டு. கூரைக்குச் சொந்தக்காரர் எல்லாரும். ஆகவே ஓடு உடைந்தால் மாற்றுவார் ஒருவரும் இல்லை.

எம் கொள்ளுப்பாட்டனார் மக்கள் நால்வர்க்கென்று கட்டிய வீட்டில் இன்று புள்ளிகள் 37. பாட்டனார்க்கு நாலில் ஒன்று. என் தந்தையார்க்குப் பன்னிரண்டில் ஒன்று. எனக்கும் என் தம்பிக்கும் இருபத்துநான்கில் ஒவ்வொன்று. இது வழக்கப்படி கண்ட கணக்கு. 1989இல் நம் மாநிலச் சட்டமும் 2005இல் நாட்டுச் சட்டமும் பெண்மக்களுக்குச் சமவுரிமை தந்தபின், அறைவரிசையைக் கொண்டு பங்கை எண்ண இயலாது. பெண்மக்களுக்கென்று அறை கட்டாத குறை வீட்டினுடையதேயன்றிச் சட்டத்தினுடையதன்று.

பங்கு நுணுகிய வீட்டிற்கு என்ன நேர்கின்றது என்பதைக் காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவில் காணலாம். நிலைகளும் தூண்களும் பித்தளைச் சாமான்களும் அங்கே விலைக்கு நிற்கின்றன. முழுவீடாகப் பெயர்ந்து போனதும் உண்டு. 1996இல் திறக்கப்பட்ட முட்டுக்காட்டுத் தட்சிணசித்திராவில் நம் வீடொன்று காட்சிப்பொருளாய் நிற்கின்றது. அது அழியாமல் நிற்பது நன்றே. ஆனால் அங்கே படைப்பு இல்லை. 2014இல் ஐக்கிய நாடுகளின் கல்வி பண்பாட்டு நிறுவனத்தின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றன. அப்பட்டியல் ஓடு மாற்றித் தாராது.

எம் வீட்டிலும் இவ்வழக்கு எழுந்துள்ளது. இரண்டாங்கட்டுத் தூண்களை விற்று, அப்பணத்தால் வளவின் கூரையைச் செப்பனிடலாம் என்கின்றனர் பங்காளிகள் சிலர். அவரைக் குறைகூறேன், கடந்த ஐப்பசி மழையில் வளவின் வடபுறம் ஓடு சரிந்தபோது முதலிற் பணம் அனுப்பியவர்கள் அவர்களே. யான் கூறியது வேறு. கோயிலுக்குப் புள்ளி வரி வைத்து இத்தனை நூற்றாண்டு காத்த நாம், வீட்டிற்கு அவ்வாறு வைக்கவில்லை. ஒவ்வொரு புள்ளியும் ஆண்டுதோறும் ஒரு தொகை தருவது. முகப்பும் வளவும் இரண்டாங்கட்டும் என்றும் பிரிக்கப்படாதன என்று எழுதிப் பதிவு செய்வது. பெண்மக்களையும் அவ்வெழுத்திற் சேர்ப்பது. அறையை யாவரேனும் விட்டுக்கொடுக்க விரும்பின் வீட்டிற்கே விட்டுக்கொடுக்கலாம். எனது இருபத்துநான்கில் ஒன்றை அவ்வாறு எழுதித்தர இசைந்துள்ளேன். தம்பி இன்னும் இசையவில்லை.

வரும் மாசியில் எம் வீட்டில் படைப்பு. இரண்டு கருத்தும் அன்று பங்காளிகள்முன் வைக்கப்படும். 37 புள்ளிகளுக்கும் கடிதம் எழுதினோம். இதுவரை 21 விடைகள் வந்திருக்கின்றன.