டாம்பர்

ஆஸ்திரேலியாவின் உட்பகுதிகளில் விறகுத் தணலின் சாம்பலில் புதைத்துச் சுடப்படும் ரொட்டி. கோதுமை மாவு, உப்பு, தண்ணீர் ஆகியவையே மூலப்பொருள்கள். பழைய முறையில் ஈஸ்ட் சேர்ப்பதில்லை.

முன்வரலாறு

ஐரோப்பியர் வருமுன்னரே பழங்குடி மக்கள் புல் விதைகளை அரைத்து அடை சுட்டு வந்தனர். நியூ சவுத் வேல்ஸின் கடி ஸ்பிரிங்ஸில் கிடைத்த அரைகற்கள் ஏறத்தாழ 30,000 ஆண்டுப் பழமையானவை என்பர். இக்காலக் கணிப்பை ஏற்காத தொல்லியலாளரும் உளர். 1788இல் வந்த குடியேறிகள் சாம்பலில் சுடும் முறையைப் பழங்குடி மக்களிடம் கற்றனரா, பிரிட்டனின் பழைய வழக்கத்தைத் தொடர்ந்தனரா என்பதில் கருத்தொற்றுமை இல்லை.

19ஆம் நூற்றாண்டு

டாம்பர் பற்றிய குறிப்புகள் மிகுந்திருப்பது ஆட்டுப் பண்ணைகள் பெருகிய இக்காலத்தில்தான். மந்தை ஓட்டுவோர், மயிர் கத்தரிப்போர், மூட்டையுடன் வேலை தேடி நடப்போர் ஆகியோருக்கு ரொட்டிக் கடை எட்டாத தொலைவில் இருந்தது. உலர்ந்த மாவு கெடாமல் உடன் வந்தது. பண்ணையாள்களின் வாரப்படியை ‘பத்து, பத்து, இரண்டு, கால்’ என்று சொல்லிவந்தனர்: மாவு 10 பவுண்டு, இறைச்சி 10, சர்க்கரை 2, தேயிலை கால் பவுண்டு. அளவு பண்ணைக்குப் பண்ணை மாறியது.

பாத்திரம் இல்லாதவர் மரப்பட்டையின் மேலோ, மாவுப் பையின் வாயை விரித்து அதற்குள்ளேயோ மாவைப் பிசைவர். பின்னர் தடித்த வட்டமாகத் தட்டுவர். தீ அடங்கியதும் தணலை விலக்கி, சூடான சாம்பல் மேல் மாவை வைத்து, மேலும் சாம்பலும் தணலும் இட்டு மூடுவர். நெடுநேரம் கனலும் கிட்ஜி மரத்தின் தணல் இதற்குப் பேர்பெற்றது. வெந்ததா என அறிய விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பர். உள்ளீடற்ற ஓசை எழுந்தால் பதம் சரி. சாம்பலை இலைக்கொத்தால் தட்டிவிட்டு, உப்பிட்ட இறைச்சியுடனோ சர்க்கரைப் பாகுடனோ உண்பர்; பில்லி எனும் தகரக் குவளையில் கொதித்த தேநீரும் உடனிருக்கும். சிறு வட்டங்களுக்கு ஜானி கேக் என்று பெயர்.

கோதுமை மாவு இல்லாதபோது உள்ளூர்த் தாவரங்களை நாடியோரும் உண்டு. 1861இல் கூப்பர் ஓடைக்கரையில் உணவு தீர்ந்த நாடாய்வுப் பயணிகளான பர்க், வில்ஸ் ஆகியோர் நார்டூ என்னும் நீர்ப் பெரணியின் வித்துறைகளை அரைத்து உண்டும் உடல் தேறாமல் இறந்தனர். அதைப் பக்குவப்படுத்தும் யாந்த்ருவாந்தா மக்களின் முறையைப் பின்பற்றாததால் தயமின் குறைபாடு நேர்ந்திருக்கலாம் என்பர். அம்மக்களுடன் தங்கிய, அதே பயணக் குழுவைச் சேர்ந்த ஜான் கிங் உயிர் பிழைத்தார்.

பிற்காலம்

சோடா உப்பு பரவியபின் ரொட்டி மென்மையானது. மூடிமேல் தணல் இடத்தக்க வார்ப்பிரும்புப் பானை வந்தபின் சாம்பல் ஒட்டுவதும் குறைந்தது. சாரணர் முகாம்களில் மாவைக் குச்சியில் சுற்றிச் சுடுகின்றனர். வேலமர இன விதைத்தூள் சேர்த்த வகைகள் உணவகங்களில் கிடைக்கின்றன. முழுத் தீத்தடை அறிவிக்கப்படும் கோடை நாள்களில் திறந்தவெளியில் விறகுத் தீ மூட்டச் சட்டம் இடந்தருவதில்லை.